டுப்... டுப்... டுப்! தூங்கிய இன்ஜின் விழித்த கதை



மதுரையிலிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் பஸ்சில் போனாலும், வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள் தெரியும். அவைதான் பம்ப்செட் ரூம்கள். இப்போது பெரும்பாலும் அவற்றுக்குள்ளே மின்சார மோட்டார் இருக்கும். சுவிட்சைப் போட்டால் போதும், தண்ணீர் கொட்டும். ஆனால், உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிறுவயதில் வயல்வெளியில் கேட்டது வேறு சத்தம். "டுப்... டுப்... டுப்... டுப்..." அதுதான் ஆயில் இன்ஜின்!

அதற்கும் முன்னால் கமலை இருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் முன்னும் பின்னுமாக நடந்து, கிணற்றிலிருந்து நீரை மேலே இழுக்கும். ஆயில் இன்ஜின் வந்ததும் மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது. மின்சாரம் வந்ததும் ஆயில் இன்ஜினுக்கே ஓய்வு கிடைத்துவிட்டது! பல இன்ஜின்கள் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பல, பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போய்விட்டன.

அப்படிப் போக இருந்த ஓர் இன்ஜினை, வீட்டு வாசலில் வைத்தே பிரித்து, துடைத்து, மறுபடி ஓட வைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இன்ஜின் என்றால் பெரிய மர்மம் என்று நினைக்காதீர்கள். மூன்று கேள்விகள் கேட்கத் தெரிந்தால், நின்றுபோன இன்ஜினோடு நீங்களும் பேசலாம்!

காத்திருந்த கடலைச் செடிகள்

மேலூர் பக்கம் ஒரு கிராமம். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் அங்கே நிலக்கடலை போட்டிருந்தார். செடிகள் பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவம். கடலைச் செடி விசித்திரமானது. பூ பூப்பது மண்ணுக்கு மேலே, காய் காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூவிலிருந்து ஊசி போல ஒரு விழுது கீழே இறங்கி மண்ணைத் துளைக்கும். அந்த நேரத்தில் மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது இறங்காது, காயும் பிடிக்காது.

சரியாக அந்தச் சமயம் பார்த்து அந்தப் பகுதியின் டிரான்ஸ்பார்மர் கருகிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரன்ட் இல்லை. எப்போது சரியாகும் என்றும் தெரியவில்லை.

பம்ப்செட் ரூமின் மூலையில், சாக்குப் பைகளுக்கு அடியில், அவருடைய அப்பா வாங்கிய 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் இன்ஜின் கிடந்தது. அதை ஓட்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முந்தைய மாதம்தான் இரும்புக் கடைக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

"இது இனிமே ஓடுமாண்ணே?" என்று ஊர் மெக்கானிக்கிடம் கேட்டார் விவசாயி.

"பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும் தம்பி" என்றார் மெக்கானிக். அறுபது வயதைத் தாண்டியவர். இளவயதில் தூத்துக்குடியில் படகு இன்ஜின் வேலை பார்த்தவர்.

மூன்றே மூன்று தேவைகள்

அவர்கள் வேலையைத் தொடங்குவதற்குள் நாம் ஒரு சின்னப் பாடம் படித்துவிடுவோமா?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்கள் அல்லவா? பத்துப் பதினைந்து முறை வேகமாக அடித்த பிறகு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும். டீசல் இன்ஜினின் ரகசியமே இதுதான்!

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் இன்ஜினில் பொறி கிளப்ப ஸ்பார்க் பிளக் இருக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. காற்றை மிக அதிகமாக அமுக்கிச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் டீசலைப் பனி போலத் தெளித்தால், அது தானே பற்றிக்கொள்ளும்.

நம் ஊர்ப் பக்கம் பரவலாக இருந்த 5 குதிரைத்திறன் இன்ஜினைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் 110 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடும். அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமான காற்றை அது பதினாறரையில் ஒரு பங்காக அமுக்கிவிடும். அதாவது, ஒரு சொம்புக் காற்று இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு இடத்துக்குள் போய்விடும்! அப்போது வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும்.

பிஸ்டன் செய்வது நான்கே வேலைதான். காற்றை உள்ளே இழுக்கும். அமுக்கும். டீசல் பற்றி வெடித்ததும் கீழே தள்ளப்படும். பிறகு புகையை வெளியே தள்ளும். இந்த நான்கும் முடிய இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் எத்தனை வெடிப்பு? 750! ஒவ்வொரு வெடிப்புக்கும் அது குடிப்பது சுமார் அரைச் சொட்டு டீசல் மட்டுமே.

ஆக, டீசல் இன்ஜினுக்குத் தேவை மூன்று.

1. சுத்தமான காற்று.
2. அந்தக் காற்று கசியாமல் அமுங்க வேண்டும்.
3. சரியான நேரத்தில், சரியான அளவு டீசல் வர வேண்டும்.

இன்ஜின் ஓடவில்லையா? இந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை.

டீசல் என்பது ஒருவர் பெயர்!

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர்தான் இந்த இன்ஜினைக் கண்டுபிடித்தவர். 1858ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 1897ம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் வெற்றிகரமாக ஓடியது. உயரம் சுமார் 3 மீட்டர். சக்தி சுமார் 20 குதிரைத்திறன்.

1900ம் ஆண்டு பாரிசில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு டீசல் இன்ஜினை எதை ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள் தெரியுமா? கடலை எண்ணெய்! நம் விவசாயியின் வயலில் வாடிக்கொண்டிருந்த அதே கடலைதான்.

1913ம் ஆண்டு கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியில் டீசல் காணாமல் போனார். சில நாட்களுக்குப் பின் கடலில் அவர் உடல் கிடைத்தது. அவர் பெயர் மட்டும் உலகெங்கும் பெட்ரோல் பங்குகளில் எழுதப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் நிறுவனம் 1946ம் ஆண்டு புனேயில் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ராஜ்கோட் நகரமும் ஆயில் இன்ஜின்களுக்குப் பெயர் பெற்றது. 1930களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'லிஸ்டர்' என்ற இன்ஜினைப் போலவே அங்கே ஏராளமாகச் செய்தார்கள். அதற்கு இரண்டு பெரிய சக்கரங்கள். நிமிடத்துக்கு 650 சுற்றுதான். அதனால் ஒவ்வொரு 'டுப்'பும் தனித்தனியாகக் காதில் விழும்!

சரி, வாருங்கள். வாசலில் வேலை தொடங்கிவிட்டது.

சுத்தியல் வேண்டாம்!

முதல் நாள் மெக்கானிக் ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்த்தார். அசையவே இல்லை. துருவால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தியலக் கொண்டு வரட்டுமா?" என்றார் விவசாயி.

"வேணாம் தம்பி. அடிச்சா உடையும். ஊறினா இளகும்."

மேலே டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். மூன்று நாள் அப்படியே விட்டார். வயல் காய்ந்துகொண்டிருக்கும்போது மூன்று நாள் சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். விவசாயி வாசலுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

நான்காம் நாள் பெரிய இரும்புச் சக்கரத்தை இருபுறமும் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார்கள். முதலில் நூல் அளவு அசைந்தது. பிறகு விரல் அளவு. கொஞ்ச நேரத்தில் முழுச் சுற்றும் வந்துவிட்டது. சுத்தியலால் அடித்திருந்தால் அன்றே இன்ஜின் இரும்புக் கடைக்குப் போயிருக்கும்!

நோட்டுப் புத்தகத்தின் வேலை

விவசாயியின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. "பாப்பா, நான் ஒவ்வொண்ணாக் கழட்டுவேன். நீ வரிசையா நம்பர் போட்டு எழுதணும். படமும் போட்டுக்க" என்றார் மெக்கானிக்.

அவள் பழைய பிஸ்கட் டின்கள், தேங்காய்ச் சிரட்டைகள் எல்லாவற்றிலும் எண் எழுதி ஒட்டினாள். கழற்றிய நட்டுகளும் வாஷர்களும் அந்தந்த எண்ணுள்ள சிரட்டைக்குப் போயின. நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை நீண்டது. எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்த நட்டு நீளம், எது குட்டை என்று எல்லாவற்றையும் எழுதினாள்.

எதற்காக இவ்வளவு? மறுபடி மாட்டும்போது அந்த நோட்டைக் கடைசி எண்ணிலிருந்து முதல் எண் வரை தலைகீழாகப் படித்தால் போதும்! கடைசியாகக் கழற்றியதை முதலில் மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கு இல்லையென்றால், வேலை முடிந்த பிறகு கையில் நான்கு வாஷர் மிஞ்சும். எங்கே விட்டது என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே என்ன இருந்தது?

மேலே இருக்கும் 'ஹெட்' என்ற கனமான மூடியைக் கழற்றியதும் கரி அப்பிய பிஸ்டன் தெரிந்தது. வெளியே எடுத்துப் பார்த்தார்கள். பிஸ்டனைச் சுற்றி வளையல் போலச் சில ரிங்குகள் இருக்கும். அவைதான் சிலிண்டர் சுவரை அணைத்துக்கொண்டு காற்றைக் கசியவிடாமல் தடுப்பவை. அந்த ரிங்குகள் கரியும் பிசினுமாகப் பள்ளத்திலேயே ஒட்டிப் போயிருந்தன. நம்முடைய இரண்டாவது தேவை நினைவிருக்கிறதா? காற்று கசியாமல் அமுங்க வேண்டும். ரிங்குகள் ஒட்டிக்கொண்டால் அது எப்படி நடக்கும்?

சிலிண்டருக்குள் 'லைனர்' என்ற வழவழப்பான குழாய் உண்டு. அதன் மேல்பகுதியில் மெக்கானிக் நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு மேடு தட்டுப்பட்டது. "ரிங்கு ஓடி ஓடித் தேஞ்சிருக்கு" என்றார். பாப்பாவையும் தடவிப் பார்க்கச் சொன்னார். அவளுக்கும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் நகத்துக்குத் தெரிந்துவிட்டது! ஆனாலும் நகத்தை மட்டும் நம்பவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கருவி வைத்து அளந்தார்கள். தேய்மானம் அளவுக்கு மீறியிருந்தது. புது லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கினார்கள்.

அடுத்தது வால்வுகள். காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. வால்வு தன் இருக்கையில் கச்சிதமாக உட்காராவிட்டால் அங்கேயும் காற்று கசியும். சொரசொரப்பான பேஸ்டைத் தடவி, வால்வை இப்படியும் அப்படியும் சுழற்றித் தேய்த்தார்கள். சுற்றிலும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. பிறகு ஒரு சோதனை. வால்வை மூடிவைத்து அதன் பின்பக்கத் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பாஸ்!

நாசிலையும் டீசல் பம்பையும் மட்டும் வீட்டில் பிரிக்கவில்லை. அவற்றின் உள்பாகங்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் பொருந்தியிருப்பவை. அதற்கென்று சோதனைக் கருவி உள்ள கடையில் கொடுத்துச் சரிபார்த்து வாங்கினார்கள். எதை நாமே செய்யலாம், எதைத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று பிரித்து அறிவதும் ஒரு திறமைதான்.

கிணற்று உப்பும் கடல் உப்பும்

இன்ஜின் சூடாகாமல் இருக்க, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு வழி உண்டு. அதைத் திறந்தால் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் படிந்து பாதி வழி அடைத்திருந்தது. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்புதான். நம் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர் உப்புத் தண்ணீர் அல்லவா?

"இதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா. கடல்ல பாக்கணும்!" என்று சிரித்தார் மெக்கானிக். சுரண்டிக்கொண்டே தூத்துக்குடிக் கதை சொன்னார்.

தூத்துக்குடியிலிருந்து மரத்தால் செய்த பெரிய தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. காற்று அடித்தால் ஓடும். அடிக்காவிட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். பின்னாளில் அவற்றுக்கும் இன்ஜின் வந்தது. மீன்பிடிப் படகுகளுக்கும் வந்தது. கேரளக் கரையில் 1953ம் ஆண்டு தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம், நம் நாட்டில் இன்ஜின் வைத்த மீன்பிடிப் படகுகள் பெருகக் காரணமான முயற்சிகளில் ஒன்று.

இந்த இன்ஜின்களைப் படகின் வயிற்றுக்குள் பொருத்துவார்கள். அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு பின்பக்கமாக வெளியே போய், தண்ணீருக்கு அடியில் விசிறியைச் சுழற்றும். தண்டு வெளியேறும் ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரக் கூடாதே! அதற்காகத் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பசையுள்ள கயிற்றைத் திணித்து இறுக்கி வைப்பார்கள். பல படகுகளில் இன்ஜினைக் குளிரவைப்பதும் கடல்நீர்தான். உப்பு நீர் இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. துத்தநாகக் கட்டிகளைப் பொருத்திவிடுவார்கள். உப்பு நீர் முதலில் துத்தநாகத்தை அரிக்கும். மற்ற உலோகங்கள் தப்பிக்கும். கட்டி கரைந்ததும் புதிதாக வைத்துவிடலாம்!

வெளிநாடுகளில் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், அதன் பழைய இன்ஜினை வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, இதே போலப் பிரித்துச் சரிசெய்கிறார்கள். கடலானாலும் கடலைக் காடானாலும் இன்ஜினின் தேவை அதே மூன்றுதான்.

"வயக்காட்டுல இன்ஜின் நின்னா நடந்து வீட்டுக்கு வந்துரலாம். கடல்ல நின்னா? அதனால அங்க ஒரு நட்டைக்கூட ஏனோதானோன்னு முடுக்க மாட்டோம்" என்றார் மெக்கானிக். அவருடைய பொறுமை எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

ஒரு மணல் துகள் போதும்

மாட்டும் நாள் வந்தது. வாசலைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார்கள். புழுதி பறக்கக் கூடாது அல்லவா? எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் அடுக்கினார்கள். ஒரே ஒரு மணல் துகள் லைனருக்குள் போய்விட்டாலும் புது ரிங்கைக் கீறிவிடும்.

ரிங் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தால் காற்று அந்த வழியாக நழுவிவிடும். ஆகவே, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி வைத்தார்கள். ஹெட்டுக்கு அடியில் புது கேஸ்கட் வைத்தார்கள். நட்டுகளை முடுக்கும்போதும் ஒரு முறை உண்டு. ஒரே நட்டை முழுவதும் முடுக்கக் கூடாது. எதிரெதிராக, குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இல்லையென்றால் ஹெட் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பாப்பா நோட்டைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிச் சிரட்டையும் காலியானது. ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை!

ஓடியது... நின்றது!

ஒன்பதாம் நாள் காலை. பம்ப்செட் ரூமில் இன்ஜினைத் தளத்தில் பூட்டினார்கள். புது ஆயில் ஊற்றினார்கள். டீசல் ஊற்றி, குழாயில் இருந்த காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார்கள். காற்றை வால்வு வழியாக வெளியே விட ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால் இன்ஜின் லேசாகச் சுற்றும். மெக்கானிக் ஹேண்டிலை வேகமாகச் சுற்றி, நெம்பைச் சட்டென்று விட்டார்.

டுப்! டுப்! டுப்... டுப்... டுப்... டுப்!

எல்லோரும் கைதட்டினோம். குழாயில் தண்ணீர் பாய்ந்தது. ஆனால், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தம் தேய்ந்து, திணறி, இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார்கள். வரவில்லை. விவசாயியின் முகம் வாடிவிட்டது. வயலின் மேட்டுப் பக்கம் ஒரு பாத்தி ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது.

மெக்கானிக் பதறவில்லை. "மூணுல எது குறையுது? சொல்லு பாப்பா" என்றார்.

அவள் யோசித்தாள். "சுத்துறப்ப கையில இறுக்கமாத்தானே இருக்கு? அப்ப அமுக்கம் இருக்கு தாத்தா. காத்து வர்ற வழியும் திறந்துதான் இருக்கு. அப்ப டீசல்தான் வரல. ஆனா, டேங்குல டீசல் இருக்கே? முதல்ல ஓடுச்சு, அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"அதான் கேள்வி! டேங்கு மூடியத் திறங்க தம்பி" என்றார் மெக்கானிக்.

மூடியைத் திருகியதும் "புஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், அதிலுள்ள ஊசித் துளையைக் களிமண் அடைத்திருந்தது. குளவி கட்டிய கூடு! டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டீசல் கீழே இறங்காது. தண்ணீர் நிறைந்த பாட்டிலை நேராகக் கவிழ்த்தால் 'குபுக் குபுக்' என்று தயங்கித் தயங்கி ஊற்றுமே, அதே கதைதான். ஒன்பது நாள் எல்லாவற்றையும் துடைத்தார்கள். மூடியை மட்டும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை!

ஒரு குண்டூசியால் துளையைக் குத்திவிட்டார்கள். குழாயில் புகுந்த காற்றை மறுபடி வெளியேற்றினார்கள். ஹேண்டிலைச் சுற்றினார்கள். இந்த முறை இன்ஜின் நிற்கவே இல்லை.

அன்று மாலைக்குள் பாதி வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டது. மறுநாள் மீதி. டிரான்ஸ்பார்மர் சரியாக அதற்குப் பிறகும் எட்டு நாள் ஆனது. காய்ந்த பாத்தி காய்ந்ததுதான். மற்ற பாத்திகளில் விழுது இறங்கியது.

கவனம் குட்டீஸ்!

* ஓடும் இன்ஜின் பக்கத்தில் தாவணி, துண்டு, தளர்ந்த சட்டை, அவிழ்த்த கூந்தலோடு போகவே கூடாது. சக்கரமும் பெல்ட்டும் இழுத்துவிடும்.
* ஹேண்டில் சுற்றுவது பெரியவர்கள் வேலை. இன்ஜின் திருப்பி உதைத்தால் கை எலும்பு முறியும்.
* மூடிய அறையிலோ கிணற்றுக்குள்ளோ இன்ஜின் ஓடும்போது அருகில் நிற்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆளையே கொன்றுவிடும்.
* நாசிலிலிருந்து டீசல் பீறிடும் வேகம் தோலையே துளைத்துவிடும். அதன் முன் விரலை நீட்டாதீர்கள்.

செய்து பாருங்கள்!

ஊசி இல்லாத பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றை மருந்துக் கடையில் புதிதாக வாங்குங்கள். பிஸ்டனைப் பாதி வரை இழுங்கள். முன்பக்க ஓட்டையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு தள்ளுங்கள். எதிர்த்து நிற்கும். கையை எடுத்தால் திரும்பி வரும். அதுதான் அமுக்கம்! இப்போது விரலைக் கொஞ்சம் தளர்த்தித் தள்ளுங்கள். சுலபமாக உள்ளே போய்விடும். அதுதான் கசிவு. ஒட்டிப்போன ரிங்கும், சரியாக உட்காராத வால்வும் செய்யும் வேலை இதுதான்.

வீட்டில் ஓடாத பழைய அலாரக் கடிகாரம் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு அதைப் பிரித்துப் பாருங்கள். சாவி கொடுக்கும் கடிகாரம் என்றால் சுருள்வில்லைப் பெரியவர்களே கழற்றட்டும். கரன்டில் ஓடும் பொருளை மட்டும் தொடாதீர்கள். சிரட்டை, எண், நோட்டு மூன்றையும் மறக்காதீர்கள். அது ஓடுவதற்கு என்னென்ன தேவை என்று முதலில் எழுதுங்கள். பிறகு, எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் எங்கோ ஒரு குளவிக் கூட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும்!